மூன்று வெள்ளிக்கிழமைகள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 25 வயது. சொந்த ஊர் வவுனியா. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இன்னும் மூன்று பேரோடு தங்கி வேலைக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் செட் ஒன்றுகூடிக் குடிப்பது வழமை. நான் அளவோடுதான், கால் போத்தலைத் தாண்ட மாட்டேன். ஆனால் இந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை, குடித்த பிறகு, ஆணுறை இல்லாமல் பெண்களோடு இருந்துவிட்டேன். முதல் தடவை, நான் நாலு வருடமாய் விரும்பிய பிள்ளைக்குக் கனடா மாப்பிள்ளையோடு கலியாண எழுத்து நடந்த அன்று. இரண்டாவது, மனேஜர் என்னுடைய சிங்களத்தைச் சொல்லிக் காட்டி எல்லார் முன்னாலும் சிரித்த அன்று. கடைசியாக 11 நாளைக்கு முன், நண்பன் ஒருவன் அவுஸ்திரேலியா போகிற சந்தோசத்தில் நடந்த பார்ட்டியில். அன்று என் பையில் ஆணுறை இருந்தது அக்கா. அதை எடுக்க எழும்பினால் அவள் போய்விடுவாளோ என்று விட்டுவிட்டேன். அவளும் குடித்திருந்தாள். வீட்டில் எனக்குச் சாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சத்தியமாக நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பெயர் போட வேண்டாம், எங்கள் அனெக்ஸ் அன்ரி இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவ.

பெயர் வேண்டாம், கொழும்பு 6

தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க, உறவுக்குப் பிறகு எடுக்கிற மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதுவதற்குக் காரணம், சனிக்கிழமை காலையில் தலையிடியோடு யாரோ ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். அவர் எனக்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காமல் இன்றைக்கே டொக்டரிடம் போகட்டும்.

நீங்கள் போக வேண்டிய இடம் கொழும்பு 10, டி சேரம் பிளேஸ், 29ஆம் இலக்கம். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக். அரசாங்கத்துடையது, காசு இல்லை, வேறு டொக்டரின் கடிதமும் தேவையில்லை, விஷயம் வெளியே போகாது. அங்கே உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை, இரத்தம் எடுக்கிற வேலையே நிறைய இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடியை விட்டால் சரியாகிவிடுமா?

கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு வெள்ளியும் குடிப்பது வழமை என்கிறீர்கள். வருடத்துக்கு 52 வெள்ளி. பத்துப் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போயிருப்பீர்கள் என்று கழித்தாலும் 40 இரவு மிஞ்சும். அதில் மூன்று இரவுகளில்தான் சறுக்கியிருக்கிறீர்கள். சாராயம் அதே சாராயம், செட்டும் அதே செட். மற்ற 37 இரவுகளில் ஒழுங்காகக் கொத்துரொட்டியும் சாப்பிட்டு ஓட்டோ பிடித்து வந்து படுத்த ஆளுக்கு இந்த மூன்று இரவுகளில் மட்டும் என்ன வந்தது? அதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் போத்தலை நான் விடுவித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். "கால் போத்தல்தான்" என்கிற சொல்லில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கால் போத்தல் என்பது 180 மில்லி லீற்றர். சாராயத்தில் மது 33 வீதம் என்று வைத்தால், உள்ளே போகிற சுத்த மது கிட்டத்தட்ட 47 கிராம். ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடியப்புறம் இரண்டு மணிக்கும் உடம்பில் மிச்சம் ஓடிக்கொண்டிருக்கலாம். தேசிக்காய்த் தண்ணியும் டெவில்ட் சிக்கனும் அந்தக் கணக்கை மாற்றாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஏறுவது மெதுவாகும், அவ்வளவுதான்.

ஏறியபின் மூளைக்கு என்ன ஆகிறது? 1990இல் குளோட் ஸ்டீல், ரொபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் மதுக் கிட்டப்பார்வை என்று சொல்லலாம். கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது மங்கிவிடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கும். டோர்ச் அடிக்கிற இடம் மட்டும் வெளிச்சம், பக்கத்தில் கதிரை இருப்பது கால் இடித்த பிறகுதான் தெரியும். குடித்த மூளையும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிற பெண், அவளுடைய சிரிப்பு, இந்த நிமிடம், இவை வெளிச்சத்தில். நோய், பிள்ளை, நாளைய காலை, வவுனியாவில் சாதகத்தை வைத்துக்கொண்டிருக்கிற அம்மா, எல்லாம் இருட்டில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. கனடாவில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பாருக்குப் போகிறவர்களின் கையில் நுழைவு முத்திரை குத்துவார்கள் அல்லவா, அந்த முத்திரையில் எயிட்ஸ் கொல்லும் என்று பொருள்பட எழுதிக் குத்தினார்கள். குடித்தவர்கள் இன்னும் மோசமாகத்தான் நடப்பார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் அந்த முத்திரையைக் கையில் வைத்திருந்த குடிகாரர்கள், குடிக்காதவர்களைவிட உறுதியாக "ஆணுறை இல்லாமல் முடியாது" என்றார்கள். கிட்டப்பார்வைக்காரனுக்குக் கிட்ட இருந்தது அந்த முத்திரை. ஆக, எது கிட்ட இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

அதனால்தான் அந்த மூன்று இரவுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். விரும்பியவள் இன்னொருவனுக்குக் கையெழுத்து வைத்த நாள். மொழியைச் சொல்லி உங்களை மேசையில் இருந்து தள்ளிவிட்ட நாள். மூன்றாவதைச் சந்தோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், நான் நம்பவில்லை. கூடவே திரிந்த நண்பன் விசா கிடைத்துப் போகிறான், நீங்கள் அதே அனெக்ஸில் அதே பாயில். மூன்று நாளும் யாரோ உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நெஞ்சோடு போத்தலுக்குப் போனீர்கள். டோர்ச்சைத் திருப்பிப் பிடித்தது அந்த நெஞ்சுதான். பையில் ஆணுறை இருந்தும் எடுக்காததற்கு நீங்கள் எழுதிய காரணத்தைப் பாருங்கள்: "அவள் போய்விடுவாளோ." சுகம் குறையும் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. நாலாவதாக ஒருத்தி போவதைத் தாங்க இயலாது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

குடியை விட்டால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். போதை இல்லாமலும் ஆம்பிளைக்கு இந்தத் தடுமாற்றம் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 35 மாணவர்களிடம் ஒரே கேள்விகளைச் சாதாரண மனநிலையிலும், காம உணர்ச்சி ஏறிய நிலையிலும் கேட்டார்கள். 2006இல் முடிவு வந்தது. உணர்ச்சி ஏறிய நிலையில் ஆணுறையில் அக்கறை குறைந்தது, வழமையில் "சீச்சீ" என்கிற காரியங்களுக்கும் தலையாட்டினார்கள். ஒரு சொட்டு மது இல்லை. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று நீங்கள் சத்தியம் பண்ணுவது பகல் இரண்டு மணி மனிதனாக இருந்து. அந்த மனிதன் சொல்வது உண்மைதான், ஆனால் இரவு பதினொரு மணிக்காரனை அவனுக்குத் தெரியாது.

அதற்காக, "தண்ணி செய்த வேலை" என்று கை கழுவவும் விட மாட்டேன். 1976இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். வொட்கா என்று சொல்லி வெறும் டொனிக் தண்ணியைக் கொடுத்தபோதும் ஆண்களுக்குக் கிளர்ச்சி கூடியது. குடித்திருக்கிறோம் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. செட்டில் நாலு பேர் "மச்சான் இண்டைக்கு நீ ஆம்பிளையடா" என்று முதுகில் தட்டும்போது பாதி வெறி அந்தத் தட்டில்தான் ஏறுகிறது.

இப்போது எனக்கு உறுத்திய ஒரு வரி. "அவளும் குடித்திருந்தாள்." இதை உங்கள் பாரத்தைப் பாதியாகக் குறைக்கிற வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பாரத்தைக் கூட்டுகிறது. அந்தப் போத்தலை அவளுக்கு ஊற்றியது யார்? 1995இல் திருத்தப்பட்ட எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, அந்த ஆணோ வேறு ஒருவரோ கொடுத்த மதுவால் போதையில் இருக்கிற பெண் சொன்ன சம்மதத்தைச் சம்மதமாக எடுப்பதில்லை. அவளுக்கு அன்று எவ்வளவு ஏறியிருந்தது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல இயலாது, நீங்கள்தான் அங்கே இருந்தீர்கள். நேரே நின்று கதைக்கக்கூடிய நிலையிலா, சுவரைப் பிடித்துக்கொண்டா? விருப்பத்தைச் சொன்னாளா, வெறுமனே ஒன்றும் சொல்லாமல் இருந்தாளா? இந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் அனுப்பத் தேவையில்லை, உங்களுக்கு நீங்கள் சொல்லிக்கொண்டால் போதும். கடிதம் முழுக்க உங்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்குமோ என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அவளுடைய நம்பர் இருந்தால் போன் எடுங்கள். வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டுவிட்டு நீல டிக் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சுகம் விசாரியுங்கள், நீங்கள் பரிசோதனைக்குப் போவதைச் சொல்லுங்கள், அவளும் போகலாம் என்று இடத்தைச் சொல்லுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள். திரும்பப் போன் எடுக்க வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம்.

இனி வருகிற வெள்ளிகளுக்கு. ஆணுறை அறை மூலையில் கிடக்கிற பையில் இருந்தால் அது இல்லாத மாதிரித்தான், எழும்ப வேண்டிவரும். சேர்ட் பொக்கட்டில் இருக்கட்டும், கை படுகிற இடத்தில். காலி வீதியில் பார்மசிக்காரர் அன்ரிக்குத் தெரிந்தவராக இருந்தால் சுப்பர் மார்க்கெட்டில் எடுங்கள், யாரையும் கேட்கத் தேவையில்லை. பிரீத்தி என்ற பெயரில் 1970களில் இருந்து இந்த நாட்டில் விற்கிற சாமான், உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வசனத்தைப் பகலிலேயே தயார்பண்ணி வையுங்கள். "இது இல்லாமல் நான் செய்யிறேல்ல" என்பது போதும், விளக்கம் வேண்டாம். அதைக் கேட்டு எழும்பிப் போகிறவள் போகட்டும். போக மாட்டாள் என்பது என் ஊகம், பெரும்பாலான பெண்களுக்கு அது நிம்மதி.

நெஞ்சில் அடி விழுந்த நாள் வெள்ளியாக இருந்தால் செட்டுக்குப் போவதா இல்லையா என்பதைப் பின்னேரம் ஐந்து மணிக்கு, ஒஃபிஸில் இருந்து இறங்கும்போதே முடிவெடுங்கள். இருட்டியபின் எடுக்கிற முடிவு உங்களுடையது இல்லை. போனால், செட்டில் அதிகம் கதைக்காத ஒருவன் இருப்பான், எல்லாச் செட்டிலும் இருப்பான், அவனிடம் "இண்டைக்கு எனக்குச் சரியில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்" என்று முதல் கிளாசுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையின் எழுத்தைப் பற்றி இதுவரை யாரிடமாவது கதைத்தீர்களா? எனக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. கடற்கரை வீதியில் அந்த அதிகம் கதைக்காத நண்பனோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னால் இரவு பதினொரு மணிக்கு அந்தக் கதை கையைக் காலை ஆட்டாது.

பரிசோதனைக்கு நாள் பார்க்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள். முதல் இரண்டு தடவைகளும் 90 நாளைத் தாண்டியிருந்தால் அவற்றுக்கான பதில் இன்றைய இரத்தத்திலேயே இருக்கிறது. கடைசித் தடவைக்கு, ஆய்வுகூடத்தில் செய்கிற புதிய வகை எச்.ஐ.வி. பரிசோதனை 45 நாளில் நம்பத்தக்க பதில் தரும். விரலில் குத்திப் பார்ப்பதற்கு 90 நாள். கொனோரியா ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் எரிச்சலாகவோ சீழாகவோ காட்டும். கிளமீடியா பலருக்கு ஒன்றுமே காட்டாது. சிபிலிஸ் இன்னும் பொல்லாதது. நோகாத ஒரு புண் வரும், சில கிழமைகளில் தானாக ஆறும், தப்பிவிட்டோம் என்று நினைப்போம், நோய் உள்ளேயே இருக்கும். இந்த மூன்றும் மருந்தில் மாறுகிறவை. பதில் வரும்வரை யாரோடும் ஆணுறை இல்லாமல் இருக்கக் கூடாது, இரத்த தானமும் வேண்டாம்.

சாதகத்தைப் பற்றி: பத்துப் பொருத்தமும் பார்க்கிற எங்கள் ஆட்கள் இரத்தம் பார்ப்பதில்லை. அம்மாவிடம் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். புரமோஷன் வரப்போகிறது என்று சொன்னால் நம்புவா, அம்மாமார் அதை எப்போதும் நம்புவார்கள்.

கடைசித் தடவையில் இருந்து 45ஆவது நாளைக் கலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள். அன்று போயா, அதாவது பௌர்ணமி விடுமுறையாக இருந்தால் அடுத்த நாள் போங்கள், போயாவுக்குக் கிளினிக்கும் பூட்டு.