பாரம் யார் தலையில்?

கேள்வி: என் கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். வயது 43. மாதம் 25,000 ரூபாய் வீட்டுக்குத் தருவார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சேமிப்பு, இன்சூரன்ஸ் என்று பேச்செடுத்தால் “மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான், முருகன் பாத்துப்பான்” என்கிறார். சாவைப் பற்றி வீட்டில் பேசவே கூடாதாம். ஆனால் கோயிலில் பழக்கமான ஒருவர், லட்சம் ரூபாய் கட்டினால் மாதம் 10,000 தருகிறாராம். அதற்காக என் நகையை அடகு வைக்கச் சொல்கிறார் என் கணவர். அவருக்குத் தெரியாமல் நான் மாதம் கொஞ்சம் சேர்க்கிறேன். இது தெய்வ நம்பிக்கைக்கு விரோதமா?
- பெயர் வேண்டாம், கொளத்தூர்

பதில்: விரோதம் இல்லை, சகோதரி. ஆனால் நகையை அடகு வைக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

லட்சத்துக்கு மாதம் 10,000 என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம். எந்த நேர்மையான தொழிலில் இவ்வளவு லாபம் வரும்? அப்படியொரு தொழில் ஒருவர் கையில் இருந்தால் உங்கள் நகை அவருக்கு எதற்கு? இந்த மாதிரி திட்டங்களில் முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வரும். அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கட்டிய பணம். அதைப் பார்த்து உங்கள் கணவரே ஸ்டாண்டில் நாலு பேரைச் சேர்த்துவிடுவார். புதிதாகச் சேர ஆள் இல்லாத அன்று எல்லாம் நின்றுவிடும். அன்று அந்த நாலு பேரும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

இதில் நம் ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரர்களின் நிறுவனம் திவாலானது. பெரிய பெயர், பெரிய மனிதர்கள் என்று நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். அந்த அடியில்தான், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முனைந்து 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அதன் பிறகும் ஏமாற்று ஓயவில்லை. முதலீட்டாளர்களைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும், போன பணத்துக்காகக் கோர்ட் வாசலில் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சந்நிதியில் நம் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர் என்பதற்காக ஒருவருடைய கணக்கு வழக்கு சுத்தமாகிவிடாது. அவரை முருகன் அனுப்பினான் என்று உங்கள் கணவர் நினைத்தால், முருகன் பெயரை அவர் தவறான இடத்தில் சொல்கிறார்.

சரி, மரமும் தண்ணீரும். சென்னையில் இருந்துகொண்டு இந்தப் பழமொழியை இப்படிச் சொல்லலாமா? 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வானம் கொடுக்கத்தான் செய்தது. பிடித்து வைக்க நம்மிடம் இடம் இல்லை. ஒருமுறை மயிலாப்பூருக்கு உங்கள் கணவரை அழைத்துப் போய்க் கபாலீசுவரர் கோயில் குளத்தைக் காட்டுங்கள். நம் முன்னோர் கோயில் எழுப்பிய இடத்திலெல்லாம் பக்கத்தில் குளமும் வெட்டினார்கள். அவர்களுக்கு பக்தி குறைவா? மழையை வேண்டிக்கொண்ட அதே கைதான் மண்ணையும் தோண்டியது.

உங்கள் கணவரிடம் நேராகவே சொல்கிறேன். ஐயா, நாளைக்கு ஓ.எம்.ஆரிலோ புறவழிச்சாலையிலோ உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், நீங்கள் முருகன் மேல் போட்டதாக நினைக்கும் பாரம் உங்கள் மகள் தலையில்தான் விழும். அவள் பள்ளியை விட்டுவிட்டு ஏதாவது துணிக்கடையில் வேலைக்கு நிற்பாள். இதைப் பேசினால் அபசகுனம் என்கிறீர்கள். வண்டிக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறீர்களே, அதனால் வண்டி மோதிவிட்டதா? வண்டிக்குக் கட்டுகிறவர் அதை ஓட்டுகிற ஆளுக்கும் கட்டக்கூடாதா?

இனி உங்கள் ரகசியச் சேமிப்புக்கு வருகிறேன், சகோதரி. சேர்ப்பது நல்லது. மறைப்பது வேண்டாம். என் அப்பா பெரம்பூரில் குமாஸ்தாவாக இருந்தவர். காலையில் கோயிலுக்குப் போகாமல் காபி குடிக்க மாட்டார். சிக்கனமாகச் சேர்த்தார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அவர் போனபிறகு அரிசி டப்பாவின் அடியிலிருந்து மூன்று பாஸ்புக் கிடைத்தது. ஒன்றிலும் நாமினி இல்லை, அதாவது தனக்குப் பின் பணத்தை யார் வாங்கலாம் என்று பெயர் எழுதி வைக்கவில்லை. அதுவரை வங்கிப் படியே ஏறாத என் அம்மா, வாரிசு சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக எட்டு மாதம் அலைந்தாள். அந்த எட்டு மாதமும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சமைத்தாள். வீட்டில் பணம் இருந்தது, ஆனால் கைக்கு வரவில்லை. உங்களுக்கு ஒன்று ஆனால் உங்கள் சேமிப்பும் அப்படித்தான் எங்கோ ஒரு டப்பாவில் கிடக்கும்.

உங்கள் மகளுக்கு 14 வயது இருக்கும். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பத்து வயதுக்குள் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். அது தவறிவிட்டது, வருந்திப் பயனில்லை. தபால் அலுவலகத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, இருக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருஷம். மாதம் 2,000 கட்டினால் அவள் கல்லூரியில் படிக்கும்போது உங்கள் முதலே 1,20,000 ரூபாய், வட்டி தனி. கணவருக்கு, வங்கிக் கணக்கு வழியாகவே பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு எடுங்கள். வருஷத்துக்கு 436 ரூபாய், 2 லட்சம் காப்பு, 50 வயதுக்குள் சேர வேண்டும். விபத்துக்கான சுரக்ஷா காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய்தான், அதிலும் 2 லட்சம். இவை ஆரம்பத்துக்கு மட்டும். 25,000 கொண்டுவருகிறவர் இல்லாத வீட்டுக்கு 2 லட்சம் எட்டு மாதச் செலவு. வருஷ வருமானத்தைப் போல் பத்து மடங்குக்காவது ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, வேண்டும். பணம் திரும்பி வருகிற பாலிசி என்று ஏஜென்ட் வேறு எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். எல்லாவற்றிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்கிறீர்களா? திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். எவ்வளவு கஷ்டத்திலும் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள், இல்லையா? அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம். வருகிற கிருத்திகையன்று அதன் பக்கத்தில் மகள் பெயரில் இன்னொரு மஞ்சள் துணி முடியுங்கள். நீங்கள் இதுவரை மறைத்துச் சேர்த்ததை அவர் எதிரிலேயே எடுத்து அதில் வையுங்கள். மறுநாள் இரண்டு பேருமாக அதை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.