'இஃப் ஐ ஹேட் ஹேட் மணி'னு ஒரே வாக்கியத்துல 'ஹேட்' ரெண்டு தடவை வருதே, அது தப்பு இல்லையா? 'ஹேவ்' எப்படித்தான் யூஸ் பண்றது?

தப்பு இல்லங்க, பிரிண்டிங் மிஸ்டேக்கும் இல்ல. நீங்க கேட்டிருக்கிற 'இஃப் ஐ ஹேட் ஹேட் மணி'ல ரெண்டு ஹேட்டும் வேணும், ஒண்ண எடுத்துட்டா அர்த்தமே மாறிடும்.

நான் எங்க ஊர்ல சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். இந்த மாதிரி ஹேட் போட்டு முடிஞ்சு போன காலத்தச் சொல்றதுக்கு பாஸ்ட் பெர்ஃபெக்ட்னு பேரு, அத ஆரம்பிச்சாலே பாதி பேர் முகம் வாடிடும், ஆனா விஷயம் நம்ம வாயிலயே இருக்கு, தினமும் பேசுறோம், கவனிக்கிறது இல்ல அவ்வளவுதான்.

'காசு இருந்திருந்தா வாங்கியிருப்பேன்'. இத மெதுவா பிரிச்சு சொல்லிப் பாருங்க. இருந்து, இருந்தா. 'இரு' ரெண்டு தடவை வருது! முதல் 'இரு' காசு கையில இருக்கிறதச் சொல்லுது, ரெண்டாவது 'இரு' அது முடிஞ்சு போன காலம்னு சொல்லுது. இங்கிலீஷ்லயும் அதே கதைதான், வரிசை மட்டும் தலைகீழ். நமக்கு துணை வினை பின்னாடி வரும், அவங்களுக்கு முன்னாடி வரும், அதனால முதல் ஹேட் துணை, ரெண்டாவது ஹேட்தான் காசு. ஒரு ஹேட்ட எடுத்துட்டு 'இஃப் ஐ ஹேட் மணி'னு சொன்னா 'காசு இருந்தா வாங்குவேன்'னு இன்னைக்கு நடக்கிற பேச்சா ஆயிடும். 'ஹேவ் ஹேட்'டும் இதே மாதிரிதான், 'இந்த வலி எனக்கு முன்னாடியும் இருந்திருக்கு'ங்கிறது ஐ ஹேவ் ஹேட் திஸ் பெயின் பிஃபோர்.

இதுக்கு அடியில ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அது புரிஞ்சா நிறைய குழப்பம் போயிடும். நம்ம பேச்சுல ஹேவ்ங்கிற வினையே கிடையாது. 'எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க'ன்னுதான் சொல்றோம், 'நான் ரெண்டு குழந்தைகளைக் கொண்டிருக்கிறேன்'னு யாரும் பேச மாட்டோம், அப்படி எங்கயாவது படிச்சா அது மொழிபெயர்ப்புன்னு உடனே தெரிஞ்சிடும். காய்ச்சல்னா 'எனக்கு', பேனான்னா 'என்கிட்ட', ரூம்னா 'வீட்டுல'. எவ்ளோ அழகா பிரிச்சு வச்சிருக்கோம்! இங்கிலீஷ்ல இது எல்லாத்துக்கும் ஒரே ஹேவ். (ஹிந்தியிலயும் ரஷ்ய மொழியிலயும் கூட நம்மள மாதிரி 'என்கிட்ட இருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க, அதனால நம்ம வழி ஒண்ணும் விநோதம் இல்ல.)

இதுலேர்ந்துதான் 'மை சிஸ்டர் ஹேவ் டூ கிட்ஸ்'ங்கிற தப்பு வருதுன்னு நான் நினைக்கிறேன். தமிழ்ல 'இருக்காங்க'ங்கிறது பசங்களோட சேருது, அக்காவோட சேரல. இங்கிலீஷ்ல யார்கிட்ட இருக்கோ அவங்களப் பாத்துதான் வினை மாறும், அக்கா ஒருத்தி, அதனால ஹேஸ், பசங்க ரெண்டு பேரா பத்து பேரான்னு பாக்கவே கூடாது. டஸ், டிட், வில் இதுங்க பின்னாடி மட்டும் எப்பவும் ஹேவ்தான், 'டஸ் ஷி ஹேவ்'.

அப்புறம் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்'. 'இருக்கு'ன்னு இப்ப நடக்கிற மாதிரி தோணுறதால கை தானா ஐஎன்ஜி போட்டுடும். காய்ச்சல், கார், குழந்தை இதுக்கெல்லாம் வெறும் ஹேவ் போதும். சாப்பிடுறது, குளிக்கிறது மாதிரி செய்யிற காரியமா இருந்தாத்தான் ஹேவிங், 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. 'ஐ ஆம் ஹேவிங் எ பேபி'னா குழந்தை பிறக்கப் போகுதுன்னு அர்த்தம், அதனால இன்டர்வியூல 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்'னு சொல்லிடாதீங்க.

ஆனா 'இரு'வ எல்லா இடத்துலயும் நம்பிடக் கூடாது, ஒரு இடத்துல அது கவுத்துடும். '1998ல நான் ஊட்டி போயிருக்கேன்'னு நாம சாதாரணமா சொல்றோம், அத அப்படியே ஐ ஹேவ் கான்னு மாத்தினா ரெண்டு தப்பு. நேத்து, போன வருஷம், 1998ன்னு முடிஞ்சு போன நேரத்த சொல்லிட்டா ஹேவ் வரவே கூடாது, 'ஐ வென்ட்'தான். நேரம் சொல்லலேன்னா 'ஐ ஹேவ் பீன் டு ஊட்டி'. 'ஹி ஹேஸ் கான்'னா போனவர் இன்னும் திரும்பலன்னு அர்த்தம்.

இன்னொன்னு, சொந்தமா இருக்கிறதச் சொல்ற வார்த்த எப்படி காலத்தச் சொல்ல வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஹேவோட ஆதி அர்த்தம் கையால பிடிக்கிறது, லத்தீன்ல 'பிடி'ங்கிறதுக்கு இருக்கிற 'காபெரெ' அதுக்கு தூரத்து சொந்தம், பாக்க ஒரே மாதிரி இருக்கிற லத்தீன் 'ஹாபேரே' சொந்தமே இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்ல 'ஐ ஹேவ் தி ஃபிஷ் காட்' (கேட்ச்ங்கிறதிலேர்ந்து வர்ற காட்) ங்கிற மாதிரி பேசுவாங்க, அதாவது பிடிச்ச நிலையில மீன் என்கிட்ட இருக்கு. அதுதான் போகப் போக வரிசை மாறி 'ஐ ஹேவ் காட் தி ஃபிஷ்', மீன் பிடிச்சிருக்கேன்னு ஆச்சு. எனக்கு இதப் படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு, ஒரு சம்பந்தமும் இல்லாத ரெண்டு மொழி, 'வீடு இருக்கு'க்கும் 'பாத்திருக்கேன்'க்கும் தனித்தனியா ஒரே வார்த்தையப் பிடிச்சிருக்கு.

அந்தப் பழைய வரிசை இன்னைக்கும் வேற வேலைக்கு உயிரோட இருக்கு. நாம சலூனுக்குப் போயிட்டு வந்து 'முடி வெட்டினேன்'னு சொல்லுவோம், கொத்தனார் கட்டின வீட்ட 'நான் கட்டின வீடு'ன்னு சொல்லுவோம், தமிழ்ல அது சரி, இங்கிலீஷ்ல 'ஐ கட் மை ஹேர்'னா பொதுவா கத்தரிக்கோல் உங்க கையில இருந்துச்சுன்னுதான் எடுத்துப்பாங்க. 'ஐ ஹேட் மை ஹேர் கட்'னு முடிய நடுவுல கொண்டு வந்தா வேற ஒருத்தர் வெட்டிவிட்டார். 'ஐ ஹேட் கட் மை ஹேர்'னா நீங்களே வெட்டியிருந்தீங்க. அதே வார்த்தைங்கதான், முடி நின்ன இடம் மட்டும்தான் மாறியிருக்கு.