மேட்டில் ‘டக் டக்’ என்று சத்தமிட்டு நின்றுவிடும் ஆர்சி ராக் கிராலரில் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சமதளத்தில் ஒழுங்காக ஓடும் உங்கள் ராக் கிராலர், அதாவது ரிமோட்டில் ஓட்டிப் பாறை ஏற்றும் 1/10 அளவு பொம்மை வண்டி, பாறையில் ஏறும்போது மட்டும் ‘டக் டக்’ என்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது, மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, கடையில் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மோட்டார் வாங்காதீர்கள். சுற்றுகிற மோட்டாரை மாற்றி என்ன ஆகப்போகிறது? அதன் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் எந்த இடத்தில் அறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் சேலத்தில் லாரி டிஃப்ரென்ஷியல் (ஆக்சிலின் நடுவில் இருந்து இரு சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பொம்மை வண்டியைப் பற்றிச் சொல்ல லாரி மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். ஆக்சிலுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் ஒன்றையொன்று கடித்து ஓடும் முறை லாரியிலும் இதிலும் ஒன்றுதான், அளவுதான் வேறு என்பதே அவர்களுக்கு என் பதில்.

என் அக்கா மகனுக்கும் இதே தொல்லை இருந்தது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு வேகம் கூடிய மோட்டாரை வாங்கிப் பொருத்தியிருந்தான். சத்தம் முன்பைவிட அதிகமாயிற்று. “மாமா, வீட்டு மாடியில ஓட்டினா ஒண்ணும் ஆகல, ஏற்காட்டுப் பாறையில மட்டும்தான் இப்படி ஆகுது” என்றான். அவன் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. மாடியின் வழவழப்பான தரையில் சுமை கூடினால் டயர் வழுக்கிவிடும், அதனால் பற்கள் தப்பித்துக்கொள்ளும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற பாறை கடினமானது, சொரசொரப்பானது. காய்ந்த பாறையில் மென்மையான ரப்பர் டயர் வழுக்காமல் பற்றிக்கொள்வதால், மோட்டாரின் முழு விசையும் பற்களின் மேல் வந்து விழுகிறது. அப்படிச் சுமை ஏறும்போது கிரவுனும் பினியனும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அவற்றுக்கிடையே இடைவெளி அதிகமாக இருந்தால் பல் பல்லைத் தாண்டிக் குதிக்கும். நீங்கள் கேட்கும் ‘டக்’ பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வண்டியை மேசைமேல் தூக்கி வைத்து முடுக்கினால் இந்தப் பழுது வெளியே தெரியாது.

ஆகவே கையால் சோதியுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் படாதபடி சேஸியை ஒரு கட்டைமேல் வையுங்கள். ஸ்பர் கியரின் (மோட்டார் பினியன் நேராகச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) மூடியை எடுத்துவிட்டு, ஸ்பர் கியரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஒவ்வொரு சக்கரத்தையும் அழுத்தித் திருப்பிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் இருக்கலாம், அதற்கு மேல் சுற்றக்கூடாது. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றினால், சக்கரத்துக்குள் இருக்கும் 12 மில்லிமீட்டர் அறுகோணத் துண்டு தேய்ந்திருக்கலாம், அதைக் குறுக்காகப் பிடித்திருக்கும் சிறு பின் கம்பி விழுந்திருக்கலாம், அல்லது ஆக்சில் ஷாஃப்ட் உடைந்திருக்கலாம். ஒரு ஆக்சிலின் இரு சக்கரங்களும் சேர்ந்து ‘டக்’கென்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து அதற்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையாமல் இருந்தால், பழுது கிரவுன்-பினியனில் இருக்கிறது. நான்கு சக்கரங்களும் சத்தமின்றி ஒன்றாக வழுக்கிச் சுற்றினால் ஸ்பர் கியரோடு இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் (சுமை மிஞ்சினால் வழுக்கிப் பற்களைக் காக்கும் பாகம்) தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே போதும்.

புரொப்பல்லர் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால், அது கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் உள்ள கிரப் ஸ்குரூவை (தலையில்லாத சிறு திருகு) பாருங்கள். அது ஷாஃப்டின் தட்டையான முகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உருண்டைப் பக்கத்தில் இறுகியிருந்தால் சுமையில் வழுக்கும். சந்தேகம் இருந்தால் ஷாஃப்டின் மேலும் ஜாயின்டின் மேலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிட்டு, ஒருமுறை பாறையில் ஏற்றிப் பாருங்கள். கோடு முறிந்து இரண்டாக நின்றால் அங்கேதான் வழுக்குகிறது. எல்லாமே உறுதியாக இருந்தால் மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சிறு பினியனைக் கவனியுங்கள். அது வழுக்கினால் ‘டக்’ வராது, ‘விர்’ என்ற சத்தம் மட்டுமே வரும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது மட்டும் சத்தம் வந்தால், அது முன் சக்கரத்து யுனிவர்சல் ஜாயின்டின் (சக்கரம் திரும்பினாலும் சுற்றைக் கடத்தும் மூட்டு) வேலை.

என் அக்கா மகனின் வண்டியில் பழுது முன் ஆக்சிலில்தான் இருந்தது. அதன் கூடான ஹவுசிங்கைத் திறந்து பினியனைத் துடைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பல்லிலும் வெளி விளிம்பின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெள்ளிபோல் மின்னி மழுங்கியிருந்தது. மீதி இடத்தில் தொழிற்சாலைக் கறுப்பு அப்படியே இருந்தது. உலோகம் மட்டமானதாக இருந்தால் பல் முழுவதும் தேய்ந்திருக்கும். நுனி மட்டும் தேய்ந்ததால், கிரவுன் விலகி நின்று ஓடியிருக்கிறது என்று தெரிந்தது.

இந்த இடத்தில் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கிரவுன்-பினியன் ஜோடியைத் தனியாகக் கேட்டபோது, அந்தக் கடையில் முழு ஆக்சிலைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். பழுதைப் பார்க்கத் தெரியாதவர் பெரிய பாகத்தை விற்றுத் தப்பித்துக்கொள்வதும், செலவு மாணவன் தலையில் விழுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு இடத்தில் விசாரித்து ஜோடியாகவே வாங்கினோம். தேய்ந்த பல்லோடு புதுப் பல் சரியாகக் கடிக்காது என்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

புது ஜோடியைப் போடும்போது, கிரவுனுக்கும் அதன் பின்னால் இருக்கும் பேரிங்குக்கும் நடுவில் கிரவுனைப் பினியன் பக்கம் நெருக்க 0.2 மில்லிமீட்டர் ஷிம் வாஷர் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை வைத்தோம். லாரியில் மார்க்கிங் நீலம் தடவிப் பல் படியும் இடத்தைப் பார்ப்போம். இங்கே பினியன் பற்களில் மார்க்கர் மை பூசிச் சுற்றிப் பார்த்தோம். மை பல்லின் நடுவில் அழிய வேண்டும். கையால் சுற்றும்போது எங்கேயாவது பிடித்தால் ஷிம் அதிகம் என்று பொருள், மெல்லியதாக மாற்றுங்கள். சிறிதும் ஆட்டமில்லாமல் இறுக்கினாலும் பல் சூடேறித் தேய்ந்துவிடும். ஹவுசிங்கை மூடும்முன் பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுங்கள், ஏனென்றால் மலைப்பாறைத் துகளில் குவார்ட்ஸ் கலந்திருக்கும், அது கிரீஸோடு சேர்ந்தால் பல்லை அரைத்துவிடும். கிரப் ஸ்குரூவுக்கு திருகு தளராமல் பிடிக்கும் பசையான, நடுத்தர வலிமையுள்ள நீல லாக்டைட் போதும், ஆனால் பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிளாஸ்டிக்குகள் அதனால் விரிசல் விடும்.

நான் சொன்ன சக்கரச் சோதனை, இரு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டப்பட்ட ஆக்சிலுக்குத்தான் பொருந்தும். டிராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4 போல ரிமோட்டிலிருந்தே டிஃப்ரென்ஷியலைப் பூட்டித் திறக்கும் வண்டியாக இருந்தால், பேட்டரியைக் கழற்றும் முன்பே முன், பின் டிஃப்ரென்ஷியல் இரண்டையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் தனியாகச் சுற்றுவதைப் பார்த்து நல்ல ஆக்சிலைப் பிரித்துவிடுவீர்கள். சோதித்த பிறகு எந்தச் சக்கரம் அசைந்தது, புரொப்பல்லர் ஷாஃப்டும் கூடச் சுற்றியதா என்ற இரண்டையும் எழுதுங்கள், எந்த இடத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்கிறேன்.