கொலஸ்ட்ரால் மாத்திரை புரதத்தின் பிடியைத் தளர்த்துமா?

கேள்வி: கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். பயோகெமிஸ்ட்ரி படிக்கும் என் மகள், "அப்பா, இந்த மாத்திரை அடைக்கிற அதே வழியிலதான் புரதங்களைச் செல் சவ்வில் பிடிச்சு வைக்கிற கொழுப்பு நங்கூரமும் தயாராகுது" என்கிறாள். அப்போ அதுவும் நின்றுவிடாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: மகள் சொல்வது சரிதான், ஆனால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

செல்லுக்குள் மெவலோனேட் என்று ஒரு பொருள் உருவாகிறது. உங்கள் மாத்திரை தடுப்பது இதைச் செய்யும் நொதியைத்தான். மெவலோனேட்டிலிருந்து 15 கார்பன் கொண்ட ஃபார்னிசைல் என்ற கொழுப்புச் சங்கிலி வருகிறது. வழி பிரிவது அங்கேதான். ஒரு கிளை கொலஸ்ட்ராலுக்குப் போகும். இன்னொரு கிளையில் அந்த ஃபார்னிசைல் அப்படியே ராஸ் மாதிரியான புரதங்களின் வால் பக்கம், கடைசியிலிருந்து நான்காவதாக இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதற்குப் பின்னால் இருக்கும் மூன்று அமினோ அமிலங்களை ஒரு நொதி வெட்டி எறிந்துவிடும். இது ஒட்டாவிட்டால் ராஸ் சவ்வில் நிற்காது, வேலையும் செய்யாது. இன்னும் 5 கார்பன் சேர்ந்தால் ஜெரானைல்ஜெரானைல். ரோ, ரேப் வகைப் புரதங்களுக்கு அதுதான் நங்கூரம்.

சரி, கொலஸ்ட்ரால் நிறைய இருக்கும்போது செல் மொத்த வழியையும் மூடிவிட்டால் நங்கூரத்துக்கு எங்கே போவது? பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் (1985 நோபல் இவர்களுக்குத்தான்) இதைத்தான் துருவினார்கள். வளர்ப்புச் செல்லுக்கு எவ்வளவு கொலஸ்ட்ரால் கொடுத்தாலும், மெவலோனேட்டைச் செய்யும் ரிடக்டேஸ் நொதி முழுசாக அடங்கவில்லை. கூடவே மெவலோனேட்டும் கொடுத்தால்தான் அடங்கியது. அதாவது கொலஸ்ட்ரால் போதும் என்ற தகவல் மட்டும் செல்லுக்குப் பத்தாது, நங்கூரச் சரக்கும் போதும் என்று தெரிய வேண்டும். இதில் யூபியாட்1 என்ற புரதத்துக்கும் பங்கு உண்டு: அது ரிடக்டேஸைப் பிடித்துக்கொண்டு, அழிய விடாமல் காப்பாற்றும், ஜெரானைல்ஜெரானைல் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் பிடியை விடும்.

இதைவிட அழகு, பற்றாக்குறை வரும்போது நடப்பது. வீட்டில் பால் குறைந்தால் குழந்தைக்கு எடுத்து வைத்த பிறகுதானே காபி? நங்கூரம் ஒட்டும் நொதிகள் ஃபார்னிசைல் துளி இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், கொலஸ்ட்ரால் கிளையின் நொதிக்கு அது தாராளமாக இருந்தால்தான் வேலை ஓடும். அதனால் சரக்கு குறைந்தால் முதலில் அடிபடுவது கொலஸ்ட்ரால்தான்.

மாத்திரையும் வழியை முழுசாக அடைப்பதில்லை. ரிடக்டேஸை அது தடுக்கத் தடுக்க, செல் இன்னும் அதிகமாக ரிடக்டேஸ் செய்து ஈடுகட்டப் பார்க்கும். கல்லீரல் செல்கள் எல்டிஎல் ஏற்பிகளையும் (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துவரும் எல்டிஎல் துகள்களைப் பிடிக்கும் புரதங்கள்) கூட்டிக்கொண்டு ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் எண் இறங்குவது அதனால்தான். ஆய்வகத் தட்டில் ஸ்டாட்டினை அள்ளிக் கொட்டினால் செல்கள் பெருகாமல் நின்றுபோவது உண்மை, அப்போது கொலஸ்ட்ராலை மட்டும் கொடுத்துக் காப்பாற்ற முடியாது, மெவலோனேட் வேண்டும். மகள் படித்தது அநேகமாக அந்தச் சோதனையாக இருக்கும். அதை வைத்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தசை வலி மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.