மூட்டைக் கணக்கும் அரிசிக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புவனகிரி அருகே இரண்டு காணியில் சம்பா நடுகிறேன். சென்ற பட்டத்தில் நான் வைத்த பி.பி.டி. என்ற சன்ன ரக நெல், காணிக்கு 75 கிலோ மூட்டையாக 31 மூட்டை கண்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் என் சித்தப்பா வைத்த சி.ஆர். 1009 என்ற குண்டு ரகம், காணிக்கு 38 மூட்டை கண்டது. சன்ன நெல்லுக்குத்தான் விலை என்று சொன்னவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, பாதிக் கணக்கை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் மணியைப் பாருங்கள். சி.ஆர். 1009 நெல்லில் ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்தால் 23 கிராமுக்கு மேல் நிற்கும். வெள்ளைப் பொன்னி போன்ற சன்ன ரகத்தில் அதே ஆயிரம் மணி 16 கிராமைச் சுற்றியே நிற்கும். சன்ன ரகம் இந்தக் குறையைக் கதிருக்குக் கூடுதல் மணிகளைப் பிடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஆனால் பால் பிடிக்கும் நாட்களில் மூட்டமோ உரக்குறைவோ நேர்ந்தால் கதிரின் அடிப்பகுதி மணிகள் நிரம்பாமல் கருக்காயாகிவிடுகின்றன. அதோடு, சி.ஆர். 1009 வயலில் 155 முதல் 160 நாள் நிற்கிறது; பி.பி.டி. அதைவிடப் பத்து நாள் முன்னதாகவே அறுவடைக்கு வந்துவிடுகிறது. கூடுதல் நாள் வெயிலைச் சாப்பிட்ட பயிர் கூடுதலாகக் காண்பதில் வியப்பில்லை.

இனி விலை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சன்ன ரகம், குறைந்தால் பொது ரகம். தமிழகத்தில் 2025-26 பருவத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். 75 கிலோ மூட்டைக்கு வித்தியாசம் 34 ரூபாய்கூட முழுதாக இல்லை! இந்த விலையில் சித்தப்பாவின் 38 மூட்டை 71,250 ரூபாய். உங்கள் 31 மூட்டை 59,170 ரூபாய் சொச்சம். ஆகவே கொள்முதல் நிலையத்தில் போடுவதற்காகவே பி.பி.டி. வைப்பது, என் கருத்தில், நட்டத்தைத் தேடிப் போவதாகும். ஆலைக்காரரோ வியாபாரியோ களத்திலேயே மூட்டைக்கு 2,300 ரூபாய்க்குக் குறையாமல் எடுத்தால்தான் நீங்கள் சித்தப்பாவோடு சமமாக நிற்பீர்கள். குலைநோயும் இலைக்கருகலும் பி.பி.டி.யை எளிதில் பிடிக்கும் என்பதால், மருந்துச் செலவையும் அந்த 2,300க்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு ஆள் இருக்கிறார்களா என்பதை நாற்று விடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: பாகூரில் ஆடுதுறை 43 என்ற சன்ன ரகம் வைத்தேன். நெல் நன்றாகவே கண்டது. வீட்டுக்குப் பச்சரிசியாக அரைத்தபோது பாதிக்குப் பாதி நொய்யாகிவிட்டது. விதையில் கோளாறா, ஆலையில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. அறுத்த நாளுக்கும் ஆலைக்குப் போன நாளுக்கும் இடையில் தேடுங்கள்.

நூறு கிலோ நெல்லில் உமி 20 முதல் 22 கிலோ, தவிடு எட்டுக் கிலோ அளவில் போக, அரிசி 68 அல்லது 70 கிலோ தேறும். ரகத்துக்கு ரகம் இதில் பெரிய மாற்றம் இல்லை. அந்த அரிசியில் முழு அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு வருகிறது. மெலிந்து நீண்ட மணி எளிதில் ஒடியும் என்பது உண்மையே. ஆனால் ஒடிவதற்கான கீறல் ஆலைக்குப் போகும் முன்பே விழுந்துவிடுகிறது. முற்றிக் காய்ந்த கதிர் வயலில் நிற்கும்போது இரவுப் பனியை உறிஞ்சுகிறது. மறுநாள் வெயிலில் மீண்டும் காய்கிறது. இப்படி மாறி மாறி நடக்கும்போது மணிக்குள் குறுக்கே விரிசல் ஓடுகிறது. தார்ச்சாலையில் மெல்லிசாகப் பரப்பி ஒரே பகலில் காயவைத்தாலும் இதே கதிதான்.

சந்தேகம் இருந்தால், பத்துப் பதினைந்து மணிகளைக் கையாலேயே உமி நீக்கி, கைப்பேசி விளக்கின் மேல் வைத்துப் பாருங்கள். முழு மணிக்குள் மயிரிழைபோல் குறுக்குக் கோடு தெரிந்தால், அந்த மணி ஆலையில் இரண்டாகும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை, பூத்து ஏறக்குறைய முப்பது நாளில், கதிரின் அடிமணிகள் சிலவற்றில் பசுமை மிச்சமிருக்கும்போதே அறுத்து, நிழலும் வெயிலுமாகக் கிளறிவிட்டு இரண்டு மூன்று நாளில் காயவையுங்கள். இந்த முறை கையில் மிச்சமுள்ள நெல்லைப் புழுக்கிவிடுங்கள். ஊறி வேகும்போது மணிக்குள் இருக்கும் மாவு இளகி விரிசலை ஒட்டிவிடும். நொய் வெகுவாகக் குறையும்.

கேள்வி: கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். விலை உயர்ந்த பொன்னி அரிசியில் இட்லி வார்த்தால் ஏன் குண்டு அரிசி இட்லி மாதிரி வருவதில்லை?

பதில்: விலை சோற்றுக்காக வைக்கப்பட்டது, அம்மா. சோறு மணிமணியாகவும் மென்மையாகவும் இருப்பதற்கு ஏற்ற மாவுச்சத்து பொன்னியில் இருக்கிறது. ஆடுதுறை 37, சி.ஆர். 1009 போன்ற குண்டு ரகங்களின் பருத்த புழுங்கல் மணி, ஊறி அரைக்கும்போது ரவைப் பதத்தில் நின்று, உளுந்து நுரையைத் தாங்குகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கடைகளில் பொன்னி என்று விற்பதில் கணிசமான பங்கு ‘டீலக்ஸ் பொன்னி’ என்ற பெயரில் வரும் பி.பி.டி.தான். இரண்டுக்கும் மசூரி நெல் முன்னோர் என்பதால் உறவு உண்டு. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வயல் மூழ்கிவிடுகிறது. சி.ஆர். 1009 தவிர வேறு வழி உண்டா?

பதில்: அதையே வையுங்கள், விதை வாங்கும்போது ‘சப்-1’ என்ற பின்னொட்டு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஒடிசாவின் பழைய நெல்வகை ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவை அதில் சேர்த்திருக்கிறார்கள். மூழ்கிய பயிர் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்க வீணாக நீளாமல், வளர்ச்சியை நிறுத்திச் சேமிப்பைக் காத்துக்கொள்கிறது. இரண்டு வாரம் வரை தாங்கும். மணியும் சமையலும் பழைய சி.ஆர். 1009 போலவே இருக்கும். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு யூரியா வீசாமல், புது இலை விட்ட பிறகு மேலுரம் இடுங்கள். நட்டு வேர் பிடித்து வளரும் பருவத்துக்கே இந்தப் பாதுகாப்பு. கதிர் வந்த பிறகு மூழ்கினால் சப்-1 விதையாலும் பயனில்லை.