டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன், ஆங்கிலம் சரளமாக வராது. நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

நானும் தமிழ் வழியில் பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனவன்தான், அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருக்கிறேன். புது ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் பக்கமும் உட்காருவதுண்டு. நீங்கள் தேடுவது உற்பத்தி அல்லது குவாலிட்டி வேலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐடி கம்பெனியில் இதெல்லாம் எடுபடாது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அந்த உலகம் எனக்குத் தெரியாது.

என் முதல் நேர்காணல் அம்பத்தூர் எஸ்டேட்டில். வெளியே காத்திருந்த பையன்களில் பாதிப் பேர் டை கட்டிக்கொண்டு சுய அறிமுகத்தை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக் கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளூர உதறல்தான். உள்ளே எச்ஆர் பெயர், ஊர் எல்லாம் கேட்டு முடித்ததும், அதுவரை வாயே திறக்காத சூப்பர்வைசர் ஒரு வெர்னியரையும் (நுண்ணளவு பார்க்கும் கருவி) ஒரு புஷ்ஷையும் (நடுவில் துளையுள்ள உருளைப் பாகம்) என் பக்கம் தள்ளினார். "உள்விட்டம் பார்த்துச் சொல்லு."

நான் உடனே அளக்கவில்லை. வெர்னியரின் ஜாவை, அதாவது பொருளைத் தொட்டு அளக்கும் தாடையைத் துடைத்து, மூடி, சைபர் கோடு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். அப்புறம்தான் அளந்தேன்.

"டிராயிங்குல 25 எச்7னு இருக்கு. இதை வச்சே ஓகே பண்ணிடலாமா?"

"முடியாது சார். எச்7னா 25.000ல இருந்து 25.021 மில்லிமீட்டர் வரைக்கும்தான் இருக்கலாம். மொத்தமே 21 மைக்ரான். இந்த வெர்னியர்ல ஒரு கோடே 20 மைக்ரான். துளைக்குள்ள விட்டுப் பார்க்கிற பிளக் கேஜ் போட்டுப் பார்க்கணும். கோ பக்கம் உள்ள போகணும், நோ கோ போகக் கூடாது."

எல்லாம் தமிழில்தான். ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று எச்ஆர் ஆரம்பித்தார். "விடுங்க சார், மெஷின் என்ன இங்கிலீஷா கேக்குது" என்றார் சூப்பர்வைசர். வேலை கிடைத்தது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும். ஆனால் இது கல்லூரியில் வந்ததில்லை. அங்கே வெர்னியர் எல்லாம் பீரோவுக்குள், சாவி லேப் அட்டெண்டரிடம், பிராக்டிகல் தேர்வு வந்தால்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஊரில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன். லீவு நாளில் அங்கேதான் கிடப்பேன்.

உங்களுக்குச் சொல்வதும் இதுதான்: ரெஸ்யூமில் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்துதான் கேள்வி வரும். நான் கேட்பதும் அப்படித்தான். கேட்டியா (CATIA), சாலிட்வொர்க்ஸ் என்று டிராயிங் சாஃப்ட்வேர் பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். கடைசியாக என்ன வரைந்தாய் தம்பி என்றால் தரையைப் பார்ப்பார்கள். ஒரு ஃபிளாஞ்ச் வரைந்திருந்தால்கூடப் போதும், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். பிராஜெக்டில் உங்கள் கைபட்ட பாகம் எது, எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று யோசித்துவிட்டுப் போங்கள். 5எஸ் (வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) பற்றிக் கேட்டால் அந்த ஐந்து ஜப்பானியச் சொற்களை ஒப்பிப்பதைவிட, ஒரு டூல் டிராலியை எப்படி அடுக்குவீர்கள் என்று சொன்னால் எனக்குப் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது சார் என்று சொல்லலாம், தப்பே இல்லை. ஆங்கிலத்தில் சுய அறிமுகம் மட்டும் நாலு வரி தயார் செய்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அந்த சூப்பர்வைசர் இருக்க மாட்டார், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. சம்பளம் பேசும்போது ஒரு தொகை சொல்வார்கள், அது சிடிசியா (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா என்று அங்கேயே கேளுங்கள். எனக்குச் சொன்ன தொகையில் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் சேர்த்தி. என் பங்கு 12 சதவீதம் தனியாகப் போனது. கேன்டீன், பஸ் பிடித்தம் வேறு. முதல் மாதம் அம்மாவிடம் சொல்லியிருந்த தொகை ஒன்று, கையில் வந்தது ஒன்று. வந்த உடனே சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறான் பார் என்று எச்ஆர் நினைப்பாராம். நினைத்துவிட்டுப் போகட்டுமே, ரூம் வாடகையை அவரா கட்டப்போகிறார்?