காசு கொடுத்தவர் எதைக் கேட்கலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் வெளியான ஒரு கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் முன்பதிவு செய்து வாங்கியிருந்தேன். ஷேடர் (காட்சிகளை வரைய உதவும் சிறு நிரல்கள்) தயாராகும் திரையிலேயே அரைமணி நேரம் நிற்கிறது, பிறகு கிராஷ் ஆகிறது. மூன்று மணி நேரம் போராடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். போதாததற்கு, எனக்குப் பிடித்த கதாபாத்திரத்தைக் கதையில் சாகடித்துவிட்டார்களாம். கோபத்தில் கதை எழுதியவரின் பக்கத்திலேயே போய்த் திட்டினேன். "ஒரு கேம் வாங்கிட்டா நீ என்ன முதலாளியா?" என்கிறார்கள் நண்பர்கள். காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் பின்னிக் கிடக்கின்றன. ஓடாத கேமுக்குப் பணம் கேட்பது உரிமை. கதை நம் விருப்பப்படிதான் போக வேண்டும் என்பது உரிமை கொண்டாடுவது.

முதலில் பணம். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியிருந்தால், காரணம் எதுவானாலும் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். முன்பதிவுக்கு இந்த 14 நாள் கணக்கு வெளியான நாளிலிருந்துதான் தொடங்கும். சிக்கல் எங்கே என்றால், ஸ்டீம் எண்ணுவது நீங்கள் விளையாடிய நேரத்தை அல்ல, கேம் திறந்திருந்த நேரத்தை. ஷேடர் திரையில் காத்திருந்ததும் அதில் சேரும். இது வாங்குபவருக்கு அநியாயம்தான். ஆனாலும் இரண்டு மணி நேரம் என்பது மூடிய கதவு அல்ல. ஸ்டீம் உதவிப் பக்கத்தில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்துக் கோரிக்கையை மறுபடி அனுப்புங்கள். மூன்று மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஷேடர் திரையில் போனது, எத்தனை முறை கிராஷ் ஆனது, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன என்பதை எழுதுங்கள். வசவு வேண்டாம். வங்கியிடம் போய், கட்டிய பணத்தை மறித்துத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள். விவகாரம் தீரும்வரை உங்கள் ஸ்டீம் கணக்கே முடங்கிவிடக்கூடும்.

அனுப்புவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பா? அவற்றுள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஷேடர் தயாராகும்போது சிப்பின் எல்லா கோர்களும் முழு வேகத்தில் உழைக்கும். பழுதான சிப் அங்கேதான் விழும். கிராபிக்ஸ் நினைவகம் தாராளமாக இருக்கும்போதே அது போதவில்லை என்ற செய்தி வந்தால் சந்தேகம் வலுக்கிறது. மதர்போர்டு நிறுவனத்தின் புதிய பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் கேம் கிராஷ் ஆனால் சிப்பை வாரண்டியில் மாற்றக் கேளுங்கள். இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது. பழி கேம் மேல், பழுது சிப்பில் என்று ஆகிவிடக் கூடாது.

உரிமையும் உரிமை கொண்டாடலும் ஒரே கேமில் வெளிப்பட்ட கதை சைபர்பங்க் 2077. 2020 நவம்பர் 19இல் வர வேண்டியது டிசம்பர் 10க்குத் தள்ளிப்போனது. இருபத்தொரு நாள் தாமதத்துக்காக அதை உருவாக்கியவர்களுக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்கள். வந்த பிறகு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கருவிகளில் அது திணறியது. முன்கூட்டியே விமர்சகர்கள் கைக்குப் போனது பிசி பதிப்பு மட்டும் என்பதால் வாங்கியவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. அவர்கள் பணத்தைக் கேட்டார்கள். வெளியாகி ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. 2021 ஜூனில்தான் அது திரும்பி வந்தது. மிரட்டியவர்கள் கேட்டது, இன்னும் அரைவேக்காடாக இருந்தாலும் சீக்கிரம் கொடு என்பதைத்தான். பணம் கேட்டவர்களுக்குச் சொன்ன சொல் மீறப்பட்டிருந்தது. அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம்.

கதாபாத்திரம் செத்தது வலிக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள், விமர்சனமாக. அந்தச் சாவுக்குக் கதை நம்மைத் தயார் செய்யவில்லையா, அதுவரை சொன்னதோடு முரண்படுகிறதா என்று காட்டுங்கள். அதற்கு இடம் கேமின் விமர்சனப் பகுதி. கிராஷ் பற்றித் தனியாக எழுதுங்கள். திருத்தம் வந்து கேம் ஓடினால் அந்த விமர்சனத்தையும் திருத்துங்கள். எழுதியவரின் பக்கத்தில் நீங்கள் போட்டதை இன்றே அழித்துவிட்டு, இரண்டு வரியில் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் கணினியில் கேம் விழுந்ததற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.